மே தினத்தில் ஊருக்குக் கிளம்புங்கள், தோழர்களே!

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் பார்க்கும் தோழர்களே, ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லித் தொழிலாளர்களே!

காவிரி டெல்டாவுக்கு அடியில் கிடக்கும் பாறைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்கள். போரூரைப் பாருங்கள். கீழணையில் பிரிந்து வடவாறு வழியாக வீராணம் ஏரியில் சேரும் கொள்ளிடத் தண்ணீர், 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் ஓடி, 2004 முதல் போரூர் நிலையத்துக்கு வருகிறது. நாளைக்கு 18 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் அது. 2019 கோடையில் செம்பரம்பாக்கம் வறண்டு வெடித்தது. ஜோலார்பேட்டைத் தண்ணீர் ரயில் ஆவடியையும் அம்பத்தூரையும் தாண்டி வில்லிவாக்கம் போனது. அப்போதும் சென்னைக்குக் கை கொடுத்தது வீராணம்.

அந்தத் தண்ணீர் வரும் மண்ணுக்கு அடியில், ஷேல் என்ற பாறையில்தான் ஷேல் எரிவாயு இருக்கிறது. அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் 2013-ல் இந்தியாவில் கணக்கெடுத்தவை நான்கு படுகைகள்: குஜராத்தின் காம்பே, ஆந்திரத்தின் கிருஷ்ணா-கோதாவரி, கிழக்கே தாமோதர், பிறகு நம் காவிரி. நான்கிலும் சேர்த்து 96 டிரில்லியன் கன அடி எடுக்கலாம் என்றது. நம் காலடியிலும் ஷேல் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் ஷேல் என்பார்கள். அது இந்தக் கணக்கில் இல்லை. காவிரியில் சொல்லப்பட்டவை சாத்தப்பாடி, ஆண்டிமடம் என்ற பாறை அடுக்குகள். ஆம், நம் லைனில் பக்கத்து மெஷினில் நிற்கும் தோழனின் அரியலூர் மாவட்டத்து ஆண்டிமடம்தான்!

இந்த வாயு, குழாய் இறக்கியதும் பீறிட்டு வருவதில்லை. இறுகிய பாறையின் நுண்ணிய துளைகளில் அடைபட்டிருக்கிறது. கிலோமீட்டர் கணக்கில் கீழே துளைத்து, பிறகு பக்கவாட்டில் துளைத்து, மணலும் ரசாயனமும் கலந்த நீரைப் பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்க வேண்டும். ஒரு கிணற்றுக்கே கோடிக்கணக்கான லிட்டர் தண்ணீர் போகும். அதில் ஒரு பகுதி உப்பும் ரசாயனமுமாக மேலே வரும். முதல் ஆண்டிலேயே உற்பத்தி பாதிக்கு மேல் சரியும். உடனே அடுத்த கிணறு, அதற்கும் அடுத்தது. இதைப் பார்த்துத்தான் பிரான்ஸ் 2011-லேயே இம்முறையைத் தடை செய்தது. கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேராத நாட்டில் இதற்கு எங்கே தண்ணீர்?

மன்னார்குடி மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராக நடந்த நம்மாழ்வார், 2013 டிசம்பர் 30 அன்று அந்தக் களத்திலேயே உயிர்விட்டார். எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கு எதிராக 2017-ல் நெடுவாசல் எழுந்தது, கதிராமங்கலம் எழுந்தது. அந்த மக்கள் வாங்கித் தந்ததுதான் 2020 பிப்ரவரியில் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம். ஷேல் எரிவாயு என்று பெயர் சொல்லியே அது தடுக்கிறது. ஆனால் அரியலூரும் திருச்சியும் அதில் விடுபட்டன. பாறைக்குப் பெயர் கொடுத்த ஆண்டிமடத்துக்கே பாதுகாப்பு இல்லை! கொள்ளிடத்தின் தென்கரையைக் காத்து வடகரையில் அரியலூரைத் திறந்து வைத்தால் ஆறு பிழைக்குமா?

அதே 2020 ஜனவரியில் ஒன்றிய அரசு, எண்ணெய், எரிவாயு தேடும் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்பே வேண்டாம் என்று அறிவித்துவிட்டது. 2025-ல் ராமநாதபுரத்தில் 20 சோதனைக் கிணறுகளுக்கு அனுமதி கிடைத்ததே பலருக்குப் பிறகுதான் தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பிய பின்தான் அதைத் திரும்பப் பெறச் சொன்னது மாநில அரசு. அடுத்த முறையும் நமக்குச் சொல்லிவிட்டு வரமாட்டார்கள்.

வேலை கிடைக்குமே என்கிறார்கள் சில தோழர்கள். எண்ணெய்க் கிணற்றில் உழைப்பவரும் நம் தோழர்தான். அவரோடு நமக்குப் பகையில்லை. ஆனால் கிணறு தோண்டி முடிந்ததும் பெரும்பாலான வேலையும் முடிந்துவிடும். வயல் போனால் அதை நம்பியிருந்த குடும்பங்கள் இதே எஸ்டேட் வாசலில் கான்ட்ராக்ட் கூலிக்கு வந்து நிற்கும்.

ஆகவே, தோழர்களே, மே 1 கிராம சபை நாள். நமக்கு அன்று சம்பளத்தோடு விடுமுறை. அரியலூர், திருச்சி, ராமநாதபுரத்துக்காரர்கள் ஒவ்வொருவரும் ஊருக்குப் போங்கள். சபையில் உட்காருங்கள், பேசுங்கள். எங்கள் ஊராட்சியில் ஷேல், மீத்தேன், ஹைட்ரோகார்பன் எதுவும் எடுக்கக் கூடாது, எங்கள் மாவட்டத்தையும் வேளாண் மண்டலத்தில் சேர்க்க வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். நகல் கலெக்டருக்குப் போகட்டும். ஊர் இங்கேயே என்றால், பூந்தமல்லி ஒன்றியத்துக் கிராம சபைகளில் டெல்டாவுக்கு ஆதரவாக இதே தீர்மானத்தைக் கொண்டு வாருங்கள்.

ஏப்ரல் 30 இரவு கிளாம்பாக்கத்தில் கால் வைக்க இடமிருக்காது. பஸ்ஸுக்கு இன்றே முன்பதிவு செய்யுங்கள். பக்கத்து மெஷின் தோழனுக்கும் சேர்த்தே டிக்கெட் எடுங்கள்!