உறங்க மட்டும் ஓர் ஊரா?

கோலாலம்பூரில் வீடு வாங்க இயலாத நம்மவர் பலர் செரண்டா, பத்தாங்காலி, ராசா எனத் தள்ளித் தள்ளிக் குடியேறியுள்ளனர். தோட்டங்கள் இருந்த இடங்களில் இன்று தாமான்கள். 1995இல் தொடங்கிய கொமுட்டர் தொடர்வண்டி, 2007இல் ராசாவையும் 2009இல் தஞ்சோங் மாலிமையும் எட்டியது. வீடு மலிவு, பயணமும் எளிது என்கிறோம்.

அந்த மலிவுக்கு மீதி விலையைக் கொடுப்பவர் யார்? நம் பிள்ளைகள்! விடியுமுன் புறப்படும் பெற்றோர் இருட்டிய பின்னரே வீடு திரும்புகின்றனர். பள்ளி முடிந்து வரும் பிள்ளைக்குத் துணை கைப்பேசிதான்.

தோட்ட வாழ்வின் வறுமையை நான் போற்றவில்லை. எனினும், விடியலில் பால்மரம் சீவச் சென்றவர்கள் பிற்பகலில் வீட்டில் இருந்தார்கள். குழந்தைகளுக்கு ஆயாக் கொட்டகை இருந்தது. தாமானில் சாலை உண்டு, கடை உண்டு. ஆயாக் கொட்டகைதான் இல்லை.

வீட்டில் தமிழ் தேய்கிறதே என வருந்துகிறோம். பேச ஆளில்லாத வீட்டில் எம்மொழிதான் வளரும்?

என் கருத்து இதுதான். பிற்பகலில் பூட்டிக் கிடக்கும் தமிழ்ப்பள்ளி வகுப்பறைகளை, பெற்றோர் ஆசிரியர் சங்கம் முறைப்படி ஒப்புதல் பெற்று மாலை வரை திறந்து வைக்கட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் பாட்டிமார்களும் ஊரில் இருக்கிறார்கள். பெற்றோர் தரும் சிறு தொகையை அவர்களுக்கு ஊதியமாக்கலாம். வீட்டுப்பாடம் நடக்கும், கதை பிறக்கும், தமிழும் பேசப்படும்.

நிலையத்தில் மகிழுந்து நிறுத்த இடம் கேட்கும் நாம், பிள்ளைகள் இருக்க ஓர் இடம் கேட்க வேண்டாமா? சிந்திப்பீர், பெற்றோர்களே!