கூட நடக்க ஆள் தேவை!

ஒரு பெண் கர்ப்பமாக இருக்கிறாள் என்று தெருவுக்குத் தெரிய வேண்டியதுதான் தாமதம், அந்தத் தெருவில் உள்ள அத்தனை பேரும் டாக்டராகிவிடுகிறார்கள். வெறும் எம்.பி.பி.எஸ். இல்லை ஸார், நேரே எம்.டி.!

எதிர்வீட்டு மாமி, "மாடிப்படி பக்கமே போகாதேடி, படுத்தே இரு" என்பார். பக்கத்து வீட்டுப் பாட்டி, "நாங்கள்லாம் அம்மி அரைச்சு, கிணத்துல தண்ணி எறைச்சு, வலி வர்ற வரைக்கும் வேலை பார்த்தோம். இப்ப உள்ளதுங்க என்னடான்னா..." என்று முகவாயைத் தோளில் இடித்துக்கொள்வார். ஒரே பெண் கட்டிலில் படுத்தபடியே கிணற்றில் தண்ணீரும் இறைக்க வேண்டும். எப்படி ஸார் முடியும்?

இந்த இரண்டு கட்சிகளுக்கும் நடுவே, கையில் மாதுளம்பழப் பையோடு ஒரு ஜீவன் திருதிருவென்று முழித்துக்கொண்டு நிற்கும். அதுதான் கணவன். இந்த வாரப் பக்கம் அவருக்காக.

எங்கள் ஆபீஸ் அக்கவுன்ட்ஸ் செக்ஷனில் ஓர் இளைஞர். மனைவிக்கு ஆறாம் மாசம். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லி, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். 140-ஐ எட்டினாலே கர்ப்ப கால சர்க்கரை என்று கணக்கு. அந்தப் பெண்ணுக்கு 156. (வெறும் வயிற்றோடு வரவேண்டிய அவசியம் இல்லாத இந்தச் சுலபமான முறை நம் நாட்டில் பரவியதில் சென்னை டாக்டர் வி.சேஷய்யாவுக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் பிறந்த நாளான மார்ச் 10-ஐத்தான் கர்ப்ப கால சர்க்கரை விழிப்பு உணர்வு நாளாக அனுசரிக்கிறார்கள்.)

மறுநாள் நம்மாள் சீட்டோடு என் டேபிளுக்கு வந்துவிட்டார். "பாருங்க ஸார், ஒரு மாத்திரை பேரைக் காணோம். சாப்பாட்டு லிஸ்ட் ஒண்ணு, கீழே 'தினமும் வாக்கிங்'. இதுக்கா ஃபீஸ்?"

மருந்துக் கடையில் கிடைக்காத எதையும் நாம் மருந்தாகவே மதிப்பதில்லை!

ஆனால், டாக்டர்களும் ஒரு காலத்தில் பயந்தவர்கள்தான். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பு 1985-ல் ஒரு கோடு போட்டது. கர்ப்பிணிகள் உடற்பயிற்சி செய்யலாம், ஆனால் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 140-ஐத் தாண்டக் கூடாது என்று. 1994-ல் அவர்களே அந்தக் கோட்டை அழித்துவிட்டார்கள். கர்ப்ப காலத்தில் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவே கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிறது. சும்மா இருக்கும்போதே நாடி கொஞ்சம் வேகமாகத்தான் அடிக்கும். நாடித் துடிப்பை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் சரிவராது.

இன்றைய கணக்கு என்ன? உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது இது: வேறு சிக்கல் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பில் இருப்பது நல்லது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, அளவுக்கு மீறிய எடை, பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு, எல்லாவற்றுக்கும் வாய்ப்புக் குறைகிறது. குழந்தையின் எடைக்கும் கெடுதல் இல்லை. 150 நிமிடம் என்றதும் மலைக்காதீர்கள். ஒரு ஐ.பி.எல். மேட்ச்சே மூன்றரை மணி நேரம், அதாவது 210 நிமிடம்!

2024-ல் பாரீஸ் ஒலிம்பிக்ஸில் எகிப்து வீராங்கனை நாடா ஹஃபேஸ் 7 மாதக் கர்ப்பத்தோடு வாள் சண்டை போட்டு ஒரு சுற்றில் ஜெயித்தார். அதற்கு 10 வருடம் முன்பு, 2014-ல், அமெரிக்காவின் அலிசியா மொன்டானோ 34 வாரக் கர்ப்பத்தோடு 800 மீட்டர் ஓடினார். இவர்கள் பல வருடம் பழகிய உடம்புக்காரர்கள். அவசரப்பட்டு வீட்டில் வாளை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். முதல் ஆபத்து உங்களுக்குத்தான்! நமக்கு நடை போதும்.

அதுவும் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, கர்ப்பப்பை வாய் பலவீனம், ரத்தக் கொதிப்பு, கடுமையான ரத்தசோகை, குறைமாதத்தில் வலி கண்டுவிடும் என்ற பயம்... இப்படி எது இருந்தாலும் டாக்டர் சொல்கிறபடிதான். நடக்கும்போது ரத்தம் பட்டாலோ, நீர் கசிந்தாலோ, விட்டு விட்டு வலித்தாலோ, தலை சுற்றினாலோ, நெஞ்சு வலித்தாலோ, கெண்டைக்கால் வலித்து வீங்கினாலோ அப்படியே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

"வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே ஸார்?" என்று கேட்கிற புத்திசாலிகள் உண்டு. பெருக்கித் துடைப்பது உடலுழைப்புதான். ஆனால், அடுப்படியில் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நிற்பதற்குக் கூலி கால் வீக்கம். சித்தாள் வேலைக்குப் போய் நாளெல்லாம் செங்கல் சுமக்கிற பெண்ணுக்கோ வேண்டியது வாக்கிங் இல்லை. உட்கார ஓர் இடம்.

சரி, எவ்வளவு வேகமாக நடப்பது? இதற்கு மெஷினே வேண்டாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் அளவு. பேசவே மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். ராகம் போட்டுப் பாட முடிந்தால் வேகம் பத்தாது. வெளிநாட்டு டாக்டர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். பேச முடிகிறதா என்று பார்க்க, கூடப் பேச ஓர் ஆள் வேண்டாமா?

பத்து நாள் கழித்து நம்மாளைக் கேட்டேன். "ரெண்டு நாள் போனா ஸார், அப்புறம் போகலை. சோம்பேறி" என்றார். தெரு எப்படி என்று விசாரித்தேன். மூன்று நாய். குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் பாதி மூடியபடி. லைட் எரியாத கம்பம் இரண்டு. டீக்கடை வாசலில் வேலையில்லாத நாலு பேர். இவர் வீடு திரும்புவது 9 மணிக்கு.

"நீங்க அந்தத் தெருவுல தனியா, வயித்துல ஆறு மாசக் குழந்தையோட நடப்பீங்களா?" என்றேன். பதில் வரவில்லை.

மறு வாரத்திலிருந்து 6.10 பஸ்ஸைப் பிடித்தார். காலையில் 15 நிமிடம், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு 15 நிமிடம், பக்கத்துப் பூங்காவில். சாப்பிட்டதும் நடந்தால் தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வாரத்தில் 5 நாள், ஆக 150. சாப்பாட்டு லிஸ்ட்டும் சேர்ந்து, ஒரு மாதத்தில் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது. எல்லோருக்கும் இப்படியே ஆகும் என்று சொல்ல மாட்டேன். என்னதான் நடந்தாலும் சிலருக்கு இன்சுலின் தேவைப்படும். அது அந்தப் பெண்ணின் குற்றமில்லை.

ஆனால், அவர் என்னிடம் சொல்ல வந்தது சர்க்கரையைப் பற்றி இல்லை. "நடக்கும்போதுதான் ஸார் சொன்னா. அவ சித்தி பிரசவத்துலதான் போயிட்டாங்களாம். தனக்கும் அப்படி ஆயிடுமோன்னு ராத்திரியெல்லாம் தூக்கமில்லையாம். கல்யாணமாகி மூணு வருஷம்... எனக்குத் தெரியவே தெரியாது."

அடுத்த செக்கப்புக்கு அவரும் கூடப் போய், அந்தப் பயத்தை டாக்டரிடம் சொல்லவைத்தார். டாக்டர் அரைமணி நேரம் உட்கார்ந்து விளக்கினாராம். இந்த முறை ஃபீஸைப் பற்றி நம்மாள் வாயே திறக்கவில்லை!

"ஏழாம் மாசம் வளைகாப்பு போட்டு அம்மா வீட்டுக்கு அனுப்பிடுவோமே ஸார், அப்புறம்?" என்று நழுவப் பார்க்கிறீர்களா? மாமனாருக்கும் கால் இருக்கிறது. அவருக்கும் அந்த நடை நல்லது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போய் நடங்கள்.

இன்றைக்குச் சாயங்காலமே ஆரம்பிக்கலாம். வழுக்காத செருப்பு, ஒரு பாட்டில் தண்ணீர், வெயில் தாழ்ந்த நேரம். செல்போன் உங்கள் பாக்கெட்டிலேயே கிடக்கட்டும். ஆட்டோ கூப்பிட வேண்டி வந்தால் மட்டும் வெளியே எடுத்தால் போதும்.