தூர் வாருவது யார்?

ஊர்ப் பொதுக் குளத்தில் நீர் மொள்ள வருவோர் பலர். கோடையில் தூர் வார வருவோர் சிலர். இதை உணர்ந்துதான் நம் முன்னோர் குடிமராமத்து என்றொரு முறையை வைத்திருந்தனர். நண்பர்களே, அறிவியல் பயிலும் நாம் நாள்தோறும் நீர் மொள்ளும் குளம் ஒன்று உண்டு. திறமூல மென்பொருள்களின் விக்கிதான் அது. அதைத் தூர் வாருவது யார்?

1995-இல் வார்டு கன்னிங்காம் முதல் விக்கியை அமைத்தார். ஹவாய் மொழியில் 'விக்கி' என்றால் விரைவு. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்பதால் விக்கிகள் விரைவாகவே வளர்ந்தன. அதே விரைவில் புதரும் மண்டியது. ஒரு மென்பொருளை நிறுவ நான்கு பக்கங்கள். நான்கும் நான்கு விதம். எங்கள் ஆய்வுக்கூடத்து முதலாண்டு மாணவர் ஒருவர் காலங்கடந்த பக்கமொன்றை நம்பி இரண்டு நாள்களை இழந்தார். "கணிப்பொறி எனக்கு ஒத்துவராது" என்று சோர்ந்தும் போனார். குற்றம் அவருடையதன்று; பக்கத்தினுடையது. இப்படி மனம் ஒடிந்து திரும்பியவர் எத்தனை பேரோ!

"எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாய் எழுதுவோம்" என்பர் சிலர். நான் இதை ஏற்கவில்லை. பழைய பக்கத்தின் முகவரியை எத்தனையோ பேர் எங்கெங்கோ குறித்து வைத்திருப்பர். அழித்தால் அவ்வழிகள் எல்லாம் அடைபடும். இரு பக்கங்களை ஒன்றாக்கினால், பழைய முகவரியிலிருந்து புதியதற்கு ஒரு வழிமாற்று இருந்தே ஆக வேண்டும்.

ஆர்ச் லினக்ஸ் விக்கியின் அடிப்படை விதிகள் மூன்று. திருத்தம் ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டும். பெரிய மாற்றத்தை ஒரே மூச்சில் செய்யக் கூடாது. ஒரு கட்டுரையை மாற்றி எழுதுமுன் உரையாடல் பக்கத்தில் அறிவிக்க வேண்டும். காலங்கடந்த பக்கத்துக்கும், இணைக்கத் தக்க பக்கத்துக்கும் அங்கே தனித்தனிக் குறிகள் உண்டு. இவை வெறும் சடங்குகள் அல்ல. சிறு சிறு அடியாய் நடந்தால்தான், தவறிய அடியை மட்டும் பிறர் கண்டு திருத்த இயலும்.

சரி, எந்த முறையில் அடுக்குவது? சீர்காழியில் 1892-இல் பிறந்து, கணிதம் கற்பித்து, பின்னர் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் எஸ். ஆர். அரங்கநாதன். காசியிலும் தில்லியிலும் பணியாற்றிய அவர், நம்மைப் போலவே வடக்கே வந்தவர். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் ஒன்று, படிப்பவரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பது. விக்கிக்கும் அதுவே உரைகல். மென்பொருளை ஆக்கியவர் அதன் உறுப்புகளின்படி பக்கங்களை அடுக்குவார். தேடி வருபவருக்கு வேண்டியதோ வேறு: எப்படி நிறுவுவது, எப்படிப் பயன்படுத்துவது, பழுதானால் என்ன செய்வது? அந்த வரிசையே முறையான வரிசை.

"நிரல் எழுதுவதன்றோ பெருமை! பக்கம் அடுக்குவது எழுத்தர் வேலை" எனலாம். இதற்கு மதிப்பெண் இல்லை என்பதும் உண்மையே. ஆயினும் நான்கு பக்கங்களில் எது சரி என்று எப்படி அறிவது? நான்கையும் இயக்கிச் சோதிக்க வேண்டும். முடிவைக் காரணத்தோடு எழுத வேண்டும். ஆய்வு என்று நாம் சொல்வதும் இதைத்தானே?

எனவே என் வேண்டுகோள் சிறியது. இந்தப் பருவத் தேர்வு முடிந்ததும், நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருளின் விக்கியில் ஒரே ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ளபடி முதலிலிருந்து செய்து பாருங்கள். பொருந்தாததைக் குறியுங்கள், முடிந்தால் திருத்துங்கள், ஏன் திருத்தினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். ஆளுக்கொரு பக்கம் போதும். நீர் மொண்ட கை ஒருநாள் மண்வெட்டியும் ஏந்தட்டும்!