சட்டத்தை விலை பேசாதே!

ஃபுட்பால் மேட்ச். ரெஃபரி ரெட் கார்டை கையில எடுக்கிறார். தப்பு பண்ண பிளேயர் கிட்ட வந்து காதுல ஏதோ சொல்றார். கார்டு திரும்ப பாக்கெட்டுக்குள்ள போயிடுது. அந்த மேட்ச்சை அதுக்கப்புறம் யார் மதிப்பாங்க?

27 நாடுகள் சேர்ந்த ஐரோப்பிய ஒன்றியத்துல, ஹங்கேரி விஷயத்துல நடந்தது கிட்டத்தட்ட இதுதான் தோழர்களே!

2010-ல் விக்டர் ஓர்பன் மூன்றில் இரண்டு பங்கு இடங்களோடு ஆட்சிக்கு வந்தார். கொஞ்ச நாளில் நீதிபதிகளின் ஓய்வு வயதை 70-லிருந்து 62-ஆகக் குறைத்தார். அது தவறு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2012 நவம்பரில் சொன்னது. ஆனா அதுக்குள்ள சீனியர் நீதிபதிகள் வீட்டுக்குப் போயாச்சு, நாற்காலியும் நிரம்பியாச்சு. 2017-ல் மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தைக் குறிவைத்து ஒரு சட்டம். 2020-ல் தீர்ப்பு வந்தபோது பல்கலைக்கழகம் புடாபெஸ்டை விட்டு வியன்னாவுக்கே போயிருந்தது.

வீடு எரிஞ்சு முடிஞ்ச பிறகு போற ஃபியூஸால என்ன பிரயோஜனம்?

ஒன்றிய ஒப்பந்தத்தில் 7-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. விதியை மீறும் அரசின் வாக்குரிமையையே நிறுத்தலாம். ஆனா அந்தக் கட்டத்துக்குப் போக, குற்றம் சாட்டப்பட்ட நாட்டைத் தவிர மற்ற எல்லாரும் ஒத்துக்கணும். 2017-ல் போலந்து மீதும் 2018-ல் ஹங்கேரி மீதும் நடவடிக்கை தொடங்கியது. அவரை நான் காப்பாத்துறேன், என்னை அவர் காப்பாத்துவார். அவ்ளோதான், கதை முடிஞ்சது!

சரி, காசை நிறுத்தலாம்னு முடிவு பண்ணாங்க. 2022-ல் ஆணையம் நிறுத்தச் சொன்னது 750 கோடி யூரோ. அதே டிசம்பரில் உக்ரைனுக்கான 1,800 கோடி யூரோ உதவிக்கு ஹங்கேரி போட்ட முட்டுக்கட்டை விலகியது. நிறுத்தப்பட்ட தொகையும் 630 கோடியாக இறங்கியது!

2023 டிசம்பர் 13. வேறொரு கணக்கில் முடங்கியிருந்த 1,020 கோடி யூரோவை ஆணையம் விடுவித்தது. மறுநாள், உக்ரைனை ஒன்றியத்தில் சேர்க்கும் பேச்சைத் தொடங்கலாமா என்று முடிவெடுத்த நேரத்தில் ஓர்பன் அறையை விட்டு வெளியே போனார். மற்ற 26 பேரும் முடிவெடுத்தார்கள். நீதித்துறைச் சீர்திருத்தம் நடந்ததால்தான் பணம் கொடுத்தோம் என்றது ஆணையம். நம்பாத ஐரோப்பிய நாடாளுமன்றம் அடுத்த மார்ச்சில் வழக்கே போட்டது.

இதுல அடி யாருக்கு? ஆட்சிக்கு நெருக்கமானவர்கள் உட்கார்ந்திருந்த அறக்கட்டளைகளின் பல்கலைக்கழகங்களுக்கு எராஸ்மஸ் திட்டத்தில் புது ஒப்பந்தம் கிடையாது என்றார்கள். ஓர்பனுக்கு என்ன நஷ்டம்? வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிக்கக் கனவு கண்ட பசங்கதான் மாட்டிக்கிட்டாங்க.

"மக்கள் ஓட்டுப் போட்டு வந்த அரசை வெளியில் இருக்கிறவன் எப்படிக் கேட்கலாம்? மேல இருக்கிறவன் கீழ இருக்கிறவனை மிரட்டக்கூடாதுன்னு பேசுற நாமளே இதை ஆதரிக்கலாமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனா ஹங்கேரியை யாரும் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வரலை. 2003-ல் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தி, விதிகளை ஏற்று, 2004-ல் சேர்ந்த நாடு அது. அதோட, நீதிபதியை வீட்டுக்கு அனுப்புறது மக்கள் உரிமை இல்ல. மக்களோட கடைசி கதவைச் சாத்துற வேலை!

அப்போ என்னதான் செய்யணும்?

1. வேகம். 2018-ல் போலந்து தன் உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் ஓய்வு வயதைக் குறைத்தது. அக்டோபரிலேயே இடைக்கால உத்தரவு வந்தது. நீதிபதிகள் வேலைக்குத் திரும்பினார்கள், அரசு சட்டத்தை மாற்றியது. வழி இருக்கு, தேவை வேகம்தான்.

2. கூட்டாளி காப்பாத்துற வழியை அடைக்கணும். ஐந்தில் நான்கு பங்கு நாடுகள் சொன்னால் போதும்னு 7-வது பிரிவைத் திருத்தணும்.

3. நிறுத்துற பணம் அரசோட கைக்குப் போகக்கூடாது. மாணவனுக்கும் நகராட்சிக்கும் நேரா போகணும்.

4. வீட்டோவுக்கு விலையா ஒரு யூரோகூடக் கூடாது. தப்பைத் திருத்தினா பணம். இல்லன்னா இல்ல.

ஒன்றியத்தை விட்டே துரத்தணும்னு சொல்றவங்களுக்கும் ஒரு வார்த்தை: துரத்தினா ஆட்சியில் இருக்கிறவர் மட்டும் வெளியே போக மாட்டார். அவரை எதிர்த்து ஓட்டுப் போட்ட லட்சக்கணக்கான மக்களும் பாதுகாப்பில்லாம நிப்பாங்க.

ஆட்சியைத் தண்டியுங்கள், மக்களை அல்ல. சட்டத்தை அமல்படுத்துங்கள், ஏலம் விடாதீர்கள்!

படிச்சிட்டு பகிருங்க தோழர்களே!

#சட்டம்_விற்பனைக்கு_அல்ல