ஒட்டுண்ணிக் குளவியை யார் வளர்ப்பது?

2008இல் கோவையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, சில ஆண்டுகளுக்குள் கேரளம், கர்நாடகம், மகாராஷ்டிரம் எனப் பரவியது. பப்பாளியோடு நில்லாமல் மரவள்ளியையும் மல்பெரியையும் பற்றிக்கொண்டது. அதன் உடலைப் போர்த்தியிருந்த வெண்மெழுகைப் பூச்சிக்கொல்லி எளிதில் ஊடுருவவில்லை. மருந்து தெளித்த மல்பெரி இலையைத் தின்றால் பட்டுப்புழுவே மடியும் என்பதால், பட்டு வளர்ப்போருக்கு அந்த வழியும் இல்லை. 2010இல் பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்தது. அரசு ஆய்வகங்களிலும் வேளாண் பல்கலைக்கழகங்களிலும் பெருக்கப்பட்டு அவை வயல்களில் விடப்பட்டன. மாவுப்பூச்சி அடங்கியது. (நம் ஏடுகளில் ஒட்டுண்ணி என்பது சுரண்டும் வர்க்கத்துக்கான வசைச்சொல், வயலிலோ அது உழவரின் தோழன்.)

ஒருமுறை விட்டால் தானே பெருகி, வரப்பு தாண்டி அடுத்த வயலுக்கும் செல்லும் குளவியை இரண்டாம் முறை விற்க இயலாது. எனவே பூச்சிக்கொல்லி வணிகம் இதில் முதலிடாது. பொதுத்துறை ஆய்வு நிறுவனங்களின் நிதியைச் சுருக்குவது யாருக்கு உதவும் என்பதை இதிலிருந்தே அறியலாம்.

எல்லா ஒட்டுண்ணியும் இப்படித் தானே நிலைத்துவிடுவதில்லை. கரும்பின் இடைக்கணுப் புழுவுக்கு எதிரான டிரைக்கோகிரம்மா முட்டை அட்டையை, நான்காம் மாதம் முதல் 15 நாள் இடைவெளியில் ஆறு முறை கட்ட வேண்டும். அட்டையிலிருந்து குளவிகள் சில நாள்களிலேயே வெளிவந்துவிடும். தொலைதூரக் கிடங்கில் மாதக்கணக்கில் அடுக்கிவைக்கும் சரக்கன்று அது. வளர்ப்பு மையம் வயலுக்கு அருகில் இருந்தாக வேண்டும். சோவியத் ஒன்றியம் சிதைந்து பூச்சிக்கொல்லி இறக்குமதி பெருமளவு குறைந்த 1990களில், கியூபா இருநூறுக்கும் மேற்பட்ட உள்ளூர் மையங்களைக் கொண்டே சமாளித்தது. இங்கோ அட்டை கேட்கும் உழவருக்கு அது உரிய நாளில் கிடைப்பதே பெரும்பாடு. மருந்துக்கடை மட்டும் ஊருக்கு ஊர் திறந்திருக்கிறது.

எண்டோசல்ஃபானுக்கு எதிராக இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் தொடுத்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2011 மே 13 அன்று தடை விதித்தது. நஞ்சைத் தடுக்கும் போராட்டத்தோடு மாற்றைக் கேட்கும் போராட்டமும் இணைய வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களிலும் சர்க்கரை ஆலைப் பகுதிகளிலும் ஒன்றிய, மாநில அரசுகளின் செலவில் வளர்ப்பு மையங்கள் அமைக்கப்பட வேண்டும். கிராமப்புறப் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் அங்கே நிரந்தர வேலை தரப்பட வேண்டும். தினக்கூலி முறை இதற்கு உதவாது: உடைத்த கம்பில் கார்சைரா அந்துப்பூச்சியை வளர்த்து, அதன் முட்டைகளைச் சலித்து, அட்டையில் ஒட்டுவது பயிற்சி வேண்டும் வேலை. அந்துப்பூச்சிச் சிறகின் செதில்தூள் நுரையீரலுக்குப் பகை. முகக்கவசமும் தூசி உறிஞ்சும் கருவியும் மருத்துவப் பரிசோதனையும் கோரிக்கைப் பட்டியலில் முதல் நாளிலேயே இடம்பெற வேண்டும்.