தடுப்பூசியும் பள்ளிக்கூடமும்

கொல்கத்தா நகருக்கு அண்மையிலுள்ள ஹௌரா ஜில்லாவின் பாஞ்சலா வட்டாரத்தில், 2011 ஜனவரியில், பதினெட்டு மாதப் பெண் குழந்தையொன்று இளம்பிள்ளை வாதத்திற்கு உள்ளாயிற்று. அக்குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்கப்பட்டிருக்கவில்லை. இயற்கையில் பரவும் போலியோ வைரஸினால் இந்தியாவில் பாதிக்கப்பட்ட கடைசிக் குழந்தை அதுவேயாகும். 2009-இல் 741 பேரைத் தாக்கிய நோய் அத்துடன் ஓய்ந்தது. 2014 மார்ச் 27-ஆம் தேதி, இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பிரதேசம் போலியோ அற்றதென உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது.

இவ்வெற்றிக்குக் காரணம் யாது? ஊழியர்கள் வீடுதோறும் சென்றமையே. கொல்கத்தாவைச் சுற்றியுள்ள செங்கற் சூளைகளில் தங்கிப் பிழைக்கும் குடும்பங்களின் குழந்தைகளையும் அவர்கள் தேடிச் சென்றனர். ஆனால் ஏனைய தடுப்பூசிகள் பெரும்பாலும் இவ்வாறு வாசலுக்கு வருவதில்லை; உரிய வயதில் குழந்தையை அழைத்துச் சென்றே போட வேண்டும்.

பிறந்தவுடன் பி. சி. ஜி., மஞ்சள் காமாலைத் தடுப்பூசி, போலியோ சொட்டு மருந்து. 6, 10, 14 வாரங்களில் ஐந்து நோய்களைத் தடுக்கும் கூட்டு ஊசி. ஒன்பது மாதம் நிறைந்தபின் தட்டம்மை, ரூபெல்லா ஊசி. 16 முதல் 24 மாதங்களுக்குள் அதன் இரண்டாம் தவணையும் முத்தடுப்பூசியின் ஊக்கத் தவணையும். இவ்வளவையும் தாய்மார் கருத்துடன் போட்டு வருகின்றனர். பின்னர் அட்டை பெட்டிக்குள் போய்விடுகிறது. ஆயினும் 5–6 வயதில் முத்தடுப்பூசியின் மற்றோர் ஊக்கத் தவணையும், 10, 16 வயதுகளில் இரணஜன்னி, தொண்டை அடைப்பான் ஆகியவற்றுக்கான ஊசியும் எஞ்சி நிற்கின்றன.

இவை வெறும் சடங்கல்ல. இவ்விரு நோய்களுக்கும் எதிராக உடல் பெற்ற காப்பு ஆண்டுகள் செல்லச் செல்லக் குறையும். 2016-இல் கேரளத்தின் மலப்புறம் ஜில்லாவில், தடுப்பூசி முழுமையாகப் பெறாத பதின்வயதுச் சிறுவர் தொண்டை அடைப்பானுக்குப் பலியாயினர்.

குழந்தை இவ்வயதுகளில் இருக்குமிடம் பள்ளிக்கூடம். ஆகவே இப்பணியில் ஆசிரியருக்கும் பங்குண்டு. அவருக்கு வேலை ஏற்கெனவே மிகுதி என்பது உண்மையே. எனினும் அவர் ஊசி போட வேண்டியதில்லை. சேர்க்கையின்போது அட்டையைக் கேட்டுப் பார்த்து, தவணை விட்டுப்போனவர்களின் பெயர்களைச் சுகாதார ஊழியரிடம் ஒப்படைத்தல் போதும். 10, 16 வயதை எட்டுவோரின் பட்டியலை ஆண்டுக்கொருமுறை பதிவேட்டிலிருந்தே எடுத்துவிடலாம். பள்ளியை விட்டு நின்றவர்களைத் தேடுவது ஊழியரின் கடமை.

தவணை தவறிற்று என்று பெற்றோர் அஞ்சவோ, வெட்கி ஒதுங்கவோ வேண்டுவதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இதை அவர்களுக்கு இன்சொல்லால் எடுத்துரைத்தல் வேண்டும். பாஞ்சலாவில் நோயுற்றது சொட்டு மருந்து பெறாத ஒரு குழந்தை. நோய்க்கு அந்த ஒன்று போதுமானதாயிருந்தது என்பதை இரு சாராரும் மறத்தலாகாது.