டயரின் அளவு: ஆசைக்கு முன் கணக்கு



வண்டி வாங்கும்போது நிறம் பார்க்கிறோம், இருக்கை பார்க்கிறோம், ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்கிறோம். ஆனால் அந்த வண்டியில் தரையைத் தொடுகிற பொருள் ஒன்றே ஒன்றுதான். அது டயர். நான்கு டயர்களும் தரையில் பதியும் இடத்தைச் சேர்த்துப் பார்த்தாலும், நான்கு உள்ளங்கை அளவை ஒட்டியே இருக்கும். குடும்பம் முழுவதும் அந்த நான்கு உள்ளங்கைகளில்தான் அமர்ந்து செல்கிறது. இதை நாம் நினைப்பதே இல்லை. நானும் அண்மையில்தான் நினைத்துப் பார்த்தேன். நினைக்க வைத்த இடம் ஆதிச்சநல்லூர்.

சாலையோரத்தில் ஒரு மணி நேரம்

உறவினர் வீட்டுத் திருமணத்திற்காகத் திருநெல்வேலியிலிருந்து காயல்பட்டினம் புறப்பட்டோம். வண்டி என் மூத்த சகோதரியின் மகனுடையது. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தவர், வேகத்திற்குப் பெயர்பெற்ற செடான் ஒன்றை ஆசையோடு வாங்கியிருந்தார். முன்னிருக்கையில் நான், பின்னால் ராத்தாவும், மருமகனின் மனைவியும், அவர்களுடைய ஐந்து வயதுப் பெண் குழந்தையும். டிக்கி நிறையத் திருமணச் சாமான்கள்.

செய்துங்கநல்லூரைக் கடந்து ஆதிச்சநல்லூரை நெருங்கும்போது, சாலையின் இடப்புறத்துப் பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி ஏறியது. இரும்பை இரும்பால் அடித்தது போன்ற ஓசை. இறங்கிப் பார்த்தோம். காற்று இறங்கவில்லை, ஆனால் டயரின் பக்கச்சுவரில் எலுமிச்சம்பழம் அளவிற்குப் புடைப்பு ஒன்று எழும்பி நின்றது.

முதுமக்கள் தாழிகள் புதைந்திருக்கும் பறம்பு சாலையை ஒட்டியே இருக்கிறது. அலெக்சாண்டர் ரீ என்னும் ஆய்வாளர் 1899 முதல் அகழ்ந்தபோது இரும்பு ஆயுதங்களும் வெண்கலப் பொருள்களும் பொன் நெற்றிப் பட்டங்களும் அங்கே கிடைத்தன. பெண்களையும் குழந்தையையும் அந்தப் பக்கத்து மர நிழலில் அமரச் செய்துவிட்டு நாங்கள் ஸ்டெப்னியை எடுத்தோம்.

அப்போதுதான் உண்மை வெளிப்பட்டது. ஸ்டெப்னி, வண்டியில் மாட்டியிருந்த டயரைவிட உயரமாக இருந்தது!

"என்னப்பா இது? இரண்டும் இரண்டு அளவாக இருக்கிறதே?" என்றேன்.

மருமகன் தயங்கினார். "ஸ்டெப்னி கம்பெனி கொடுத்தது மாமா. மற்ற நான்கையும் போன வாரம்தான் மாற்றினேன். ரிம்மை மாற்றவில்லை. அகலமான டயர் போட்டால் சாலையைக் கவ்விப் பிடிக்கும், பார்வைக்கும் எடுப்பாக இருக்கும் என்று கடையில் சொன்னார்கள்."

பழைய டயரின் பக்கத்தில் எழுதியிருந்தது 205/55 ஆர் 16. புதிய டயரில் 225/45 ஆர் 16. இந்த இரண்டு வரிகளுக்கும் இடையில்தான் எங்கள் சிக்கல் முழுவதும் இருந்தது.

எண்கள் சொல்வது என்ன?

முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாம் எண் பக்கச்சுவரின் உயரம். அது மில்லிமீட்டர் அன்று, அகலத்தில் இத்தனை விழுக்காடு என்பது. 'ஆர்' என்பது டயருக்குள் இழைகள் அமைந்திருக்கும் ரேடியல் முறையைக் குறிக்கும். கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பள்ளிப் பிள்ளைகளும் போடக்கூடிய கணக்குத்தான்.

205 மில்லிமீட்டரில் 55 விழுக்காடு 112.75. மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர்கள், ஆக 225.5. பதினாறு அங்குல ரிம் 406.4 மில்லிமீட்டர். கூட்டினால் சக்கரத்தின் முழு உயரம் ஏறத்தாழ 632 மில்லிமீட்டர்.

புதிய டயருக்கும் இதே கணக்கைப் போடுங்கள். 225இல் 45 விழுக்காடு 101.25. இரண்டு பக்கமும் 202.5. ரிம்மோடு சேர்த்தால் 609 மில்லிமீட்டர். அகலம் கூடியது, உயரமோ 23 மில்லிமீட்டர் குறைந்துவிட்டது.

இதனால் விளைந்தவை நான்கு.

ஒன்று, வண்டி தரையை நோக்கி 11 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கிவிட்டது. நம் ஊர் வேகத்தடைகளை எண்ணிப் பாருங்கள்.

இரண்டு, ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது, பழைய டயரோடு ஒப்பிட்டால் வண்டி 96 கிலோமீட்டர் வேகத்திற்குச் சற்று மேலேதான் ஓடும். ஓடிய தூரமும் அதே விகிதத்தில் கூடுதலாகப் பதிவாகும்.

மூன்று, பக்கச்சுவர் குட்டையாகிவிட்டதால் பள்ளத்தின் அதிர்ச்சியைத் தாங்கும் மெத்தை குறைந்துபோயிற்று. பள்ளத்தின் விளிம்பிற்கும் ரிம்மிற்கும் நடுவே பக்கச்சுவர் நசுங்கி, உள்ளிருக்கும் இழைகள் அறுந்தன. இழை அறுந்த இடத்தில் காற்று ரப்பரைத் தள்ளுகிறது, அதுவே புடைப்பு. இதற்குப் பஞ்சர் ஒட்டுவது போன்ற வைத்தியம் எதுவும் கிடையாது. எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும். டயரை மாற்றுவது ஒன்றே வழி.

நான்காவதுதான் என்னைத் திகைக்க வைத்தது. டயரின் அளவை அடுத்து 91வி, 89டபிள்யூ என்பது போன்ற ஒரு குறியீடு இருக்கும். அதில் எண் சுமையைக் குறிக்கும். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். 89 என்றால் 580 கிலோ. பழைய டயரில் இருந்தது 91. அகலமான புதிய டயரில் இருந்ததோ 89! அகலம் கூடினால் பலமும் கூடும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் சுமையைத் தாங்குவது உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. பக்கச்சுவர் குறைந்ததால் காற்றுக்கு இடம் குறைந்தது. ஒவ்வொரு சக்கரத்திலும் 35 கிலோ தாங்குதிறன் போயிற்று. அன்று வண்டியில் ஐந்து பேரும் திருமணச் சாமான்களும் இருந்ததை மறந்துவிட வேண்டாம்.

அதே குறியீட்டில் உள்ள எழுத்து, அந்தச் சுமையோடு டயர் தாங்கக்கூடிய உச்ச வேகம். 'எச்' 210 கிலோமீட்டர், 'வி' 240, 'டபிள்யூ' 270. இந்த வேகத்தில் நாம் போகப்போவதில்லை. ஆயினும் வெப்பத்தைத் தாங்கும் வல்லமையும் அதில் அடங்கியிருக்கிறது. கோடையில் நம் பகுதிச் சாலைகள் கொதிப்பதை அறிந்தவர்கள் நிறுவனம் கொடுத்த எழுத்திற்குக் கீழே இறங்கமாட்டார்கள்.

ரிம்மிற்கும் அகலம் உண்டு

பலரும் அறியாத செய்தி ஒன்று இருக்கிறது. ரிம்மிற்கு விட்டம் மட்டுமன்றி அகலமும் உண்டு. சக்கரத்தைக் கழற்றிப் பின்புறம் பார்த்தால் '6 ஜே', '6.5 ஜே' என்று பொறித்திருப்பார்கள். ஆறு அங்குலம், ஆறரை அங்குலம் என்பது பொருள். ஒவ்வொரு டயர் அளவிற்கும் இன்ன அகலத்திலிருந்து இன்ன அகலம் வரையுள்ள ரிம் என்று வரையறை இருக்கிறது. 205/55 ஆர் 16 டயருக்கு 5.5 முதல் 7.5 அங்குலம் வரை ஏற்புடையது. 225/45 ஆர் 16 டயருக்கோ குறைந்தது 7 அங்குலம் வேண்டும். மருமகனின் வண்டியில் இருந்த கம்பெனி ரிம் 6 அங்குலம்! குறுகிய ரிம்மில் அகன்ற டயரை மாட்டினால் பக்கச்சுவர்கள் உள்நோக்கி ஒடுங்குகின்றன. வளைவுகளில் டயர் நெளிகிறது. கவ்விப் பிடிக்கும் என்று வாங்கிய பொருள், பிடிப்பைக் குறைத்துவிடுகிறது.

வண்டி செய்கிறவர்கள் இதை எப்படிக் கையாளுகிறார்கள்? ஸ்கோடா ஆக்டேவியாவின் மூன்றாம் தலைமுறையைப் பாருங்கள். சாதாரண வகைக்கு 205/55 ஆர் 16. அதற்கு மேல் 225/45 ஆர் 17. இன்னும் மேல் 225/40 ஆர் 18. அந்த வரிசையின் வேக வகையான ஆர்.எஸ். 245, நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு 200 வண்டிகள் மட்டுமே விற்பனைக்கு வந்தது. மூன்று அளவுகளின் முழு உயரத்தையும் கணக்கிட்டால் 632, 634, 637 மில்லிமீட்டர் என்று வருகிறது. ரிம் இரண்டு அங்குலம் கூடியும் சக்கரத்தின் உயரம் ஒரு விழுக்காடுகூட மாறவில்லை! டயரை அகலமாக்கியபோது ரிம்மையும் சேர்த்தே அகலமாக்கினார்கள். 2022ஆம் ஆண்டு வந்த வோக்ஸ்வேகன் விர்ட்டஸ் ஜி.டி. 150 குதிரைத்திறன் கொண்டது. அதற்கு நிறுவனம் கொடுத்த அளவு 205/55 ஆர் 16தான். வேகத்திற்கு அகலம் மட்டுமே அளவுகோல் என்றால் இப்படிச் செய்வார்களா?

மாற்றியே தீரவேண்டுமென்றால்

கம்பெனி ரிம்மை வைத்துக்கொண்டு டயரை மட்டும் சற்று அகலமாக்க விரும்புவோர் இருக்கலாம். 205/55 ஆர் 16 இருந்த வண்டிக்கு இரண்டு அளவுகளைப் பேசுவார்கள்.

215/55 ஆர் 16: 6 முதல் 7.5 அங்குலம் வரையுள்ள ரிம்மிற்குப் பொருந்தும். உயரம் 643 மில்லிமீட்டர், 1.7 விழுக்காடு கூடுதல். வண்டி 5 மில்லிமீட்டர் உயரும், பள்ளங்களுக்கு நல்லது. ஆனால் ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பும்போது மட்கார்டில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்பீடோமீட்டர் முன்னைவிடச் சற்றுக் குறைத்தே காட்டும்.

225/50 ஆர் 16: உயரம் 631, கம்பெனி அளவோடு ஒத்துப்போகிறது. வரையறை 6 அங்குலத்திலிருந்தே தொடங்கினாலும் 7 அங்குல ரிம்மில்தான் இது செவ்வையாக அமரும். 6 அங்குல ரிம் உள்ளவர்கள் இதை விட்டுவிடுவது நல்லது.

எந்த அளவை எடுத்தாலும் உயர மாற்றம் 2 விழுக்காட்டைத் தாண்டாமலும், சுமை எண் கம்பெனி எண்ணுக்குக் குறையாமலும் இருக்கட்டும். மழையையும் நினைவில் கொள்ளுங்கள். அகலமான டயர் தண்ணீரைப் பிளந்து செல்லாமல் அதன்மீது எளிதில் மிதந்துவிடும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நாம் மறக்க முடியுமா?

சட்டமும் ஒன்று உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, நிறுவனம் வகுத்த அமைப்பிற்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. நிறுவனத்தின் கையேட்டில் உள்ள அளவுகளுக்குள் நின்றால் காப்பீட்டிலும் வீண் வழக்கு வராது.

கடைக்குச் செல்லுமுன்

ஓட்டுநர் பக்கத்துக் கதவுத் தூணிலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். டயர் அளவும் காற்றழுத்தமும் அங்கே இருக்கும். ரிம்மின் அகலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். புதிய டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. நெடுநாள் கிடங்கில் கிடந்ததைப் புதியது என்று வாங்கிவிடாதீர்கள். பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தால் மாற்றிவிடுங்கள். காற்றைக் காலையில், வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது சோதியுங்கள். ஸ்டெப்னியும் மற்ற நான்கும் ஒரே அளவாக இருக்கட்டும்.

அன்று என்ன செய்தோம் என்கிறீர்களா? உயரம் வேறான ஸ்டெப்னியை முன்னால் மாட்டினால், எஞ்சின் இழுக்கும் அச்சில் இரண்டு சக்கரங்களும் இருவேறு வேகத்தில் சுழலும். அது டிஃபரன்ஷியலுக்குக் கேடு. ஆகவே பின்சக்கரம் ஒன்றைக் கழற்றி முன்னால் மாட்டி, ஸ்டெப்னியைப் பின்னால் பூட்டினோம். வெயிலில் ஒரு மணி நேரம் போயிற்று. ஏ.பி.எஸ். விளக்கு எரிந்துகொண்டிருக்க, ஆழ்வார்திருநகரி, குரும்பூர் வழியாக மெல்ல ஊர்ந்து சென்று சேர்ந்தபோது நிக்காஹ் முடிந்து விருந்து நடந்துகொண்டிருந்தது.

ராத்தா மகனைக் கடிந்துகொள்ளவில்லை. "குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள் வாப்பா. அதிவேகத்தில் வெடித்திருந்தால்..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். மறுவாரமே மருமகன் நான்கு டயர்களையும் பழைய 205/55 அளவிற்கு மாற்றிவிட்டார். வீணான பணம் சிறிதன்று. ஆயினும் அவர் சொன்னது இதுதான்: "பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் என்னிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் மாமா. கடைக்காரரிடம் அகலத்தைக் கேட்டேன். எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்கவில்லை."

உங்கள் வீட்டு வண்டி வாசலில்தானே நிற்கிறது? இதழை மூடியதும் ஒரு நடை சென்று, டயரில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் பிரேக் பராமரிப்பைப் பற்றிப் பார்ப்போம்.